பேராலயத்தின் பாட்டு – 9: 14 ஆண்டு மௌனம்

1646 ஜூலை 20. இங்கிலாந்தின் மேற்கே, செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் வூஸ்டர் நகரம் இரண்டு மாதமாக முற்றுகைக்குள் கிடந்தது. மன்னர் முதலாம் சார்ல்ஸ் நாடாளுமன்றத்தோடு நடந்த போரில் தோற்று ஸ்காட்லாந்துப் படையிடம் போய்ச் சேர்ந்து பத்து வாரங்கள் ஆகிவிட்டன. அவருக்காக இன்னும் கதவடைத்து நின்ற ஓரிரு ஊர்களில் வூஸ்டர் ஒன்று. அதுவும் சரணடையும் நேரம் வந்துவிட்டது. போர் ஓய்ந்த இடைவெளியில் நாடாளுமன்றப் படையைச் சேர்ந்த சிலர் ஊருக்குள் வந்து பேராலயத்தின் பக்கவாட்டு நடைகளில் உலாவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆராதனை. பாடகர் குழுவின் பாட்டுக் காதில் விழுந்ததும் அவர்கள் கேலியாகக் குதித்துக் குதித்து ஆடினார்கள்.

அதே நாளில்தான் ஆர்கனைக் கழற்றினார்கள். எதிரி கழற்றவில்லை, பேராலயத்தாரே ஆள் வைத்துக் கழற்றினார்கள். எப்படியும் உடைபடப் போகும் பொருளை நம் கையாலேயே பத்திரமாக இறக்கிவிடலாம் என்ற எண்ணம். அதைப் பார்த்த சிப்பாய்கள், உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம், நாங்களே செய்து தந்திருப்போமே என்றார்களாம். பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையன் ஒருவன் உடனே பதில் கொடுத்தான். நாலு வருஷத்துக்கு முன் உங்கள் எசெக்ஸ் பிரபு வந்தபோது முதலில் ஏறிக் குழாயைப் பிடுங்கியவன் கீழே விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டான், அப்படி இன்னொன்று நடக்கக் கூடாது என்றுதான் இவர்கள் இறக்குகிறார்கள் என்றான்.

முற்றுகைக்குள் இருந்த ஹென்றி டவுன்ஷெண்ட் என்ற நிலக்கிழார் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உள்ளவர். இந்தப் பையனின் பதிலை நமக்குக் காப்பாற்றித் தந்தவர் அவர்தான். மூன்று நாள் கழித்து, ஜூலை 23 அன்று, அவர் இன்னொன்றையும் குறித்து வைத்தார். நகரம் கைமாறும் அந்த நாளில், ஆறு மணி ஜெபத்துக்குப் பெரிய மனிதர்கள் பலர் பேராலயத்துக்குப் போனார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தின்படி நடக்கும் ஆராதனைக்கு அவர்கள் விடைகொடுத்தது அன்றுதான். ஆர்கன் இல்லாமல் நடந்த ஆராதனை அது.

சென்ற இதழில் வில்லியம் பர்டின் கதையைப் பார்த்தோம். கத்தோலிக்கராகவே வாழ்ந்து, இங்கிலாந்துத் திருச்சபைக்கும் பாட்டு எழுதிக் கொடுத்த மேதை. அவருடைய மாணவர்களில் நீண்ட நாள் வாழ்ந்தவர்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர், தாமஸ் டாம்கின்ஸ். வூஸ்டரில் ஆர்கன் இறங்கியபோது அவருக்கு வயது 74. அந்தப் பேராலயத்தில் அவர் பணியில் சேர்ந்து சரியாக 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டாம்கின்ஸ் பிறந்தது 1572இல், வேல்ஸின் மேற்கு முனையில் உள்ள செயின்ட் டேவிட்ஸ் என்ற சின்ன ஊரில். அப்பா அங்குள்ள பேராலயத்தில் பாடகர், ஆர்கனும் வாசித்தவர். தம்பிகளும் இதே தொழில். ஜான் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் பின்பு லண்டன் புனித பவுல் பேராலயத்திலும் ஆர்கன் வாசித்தார். ஜைல்ஸ் சாலிஸ்பரி பேராலயத்தில் இருந்தார். நம் ஊரில் நாதஸ்வரக் குடும்பம், தவில் குடும்பம் என்று சொல்வதுபோல இது ஒரு பேராலயக் குடும்பம். 1596இல் தாமஸ் வூஸ்டருக்கு ஆர்கன் கலைஞராக வந்தார். அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த நத்தானியல் பேட்ரிக் இறந்திருந்தார். அவருடைய விதவை ஆலிஸைத் தாமஸ் மறு ஆண்டு மணந்தார். 1599இல் பிறந்த மகனுக்கு நத்தானியல் என்றே பெயர் வைத்தார்கள். இந்த மகனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நமக்கு அவர் வேண்டும்.

வூஸ்டர் பேராலயம் முன்பு பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1540இல் அதுவும் கலைந்தது. பிறகு டீன், கேனன்கள், பாடும் குருமார், சம்பளப் பாடகர்கள், பத்துச் சிறுவர்கள் என்று அரச ஆணைப்படி புதிய அமைப்பு வந்தது. சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதும் ஆர்கன் வாசிப்பதும் ஒரே ஆளின் வேலை. காலை ஆராதனை, மாலை ஆராதனை, தினமும். கேட்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பாட்டு உண்டு. நடுவில் ஜான் மன்னரின் கல்லறை. இருபுறமும் எதிரெதிராக மர இருக்கைகள். டீன் பக்கம் ஒரு குழு, எதிர்ப்பக்கம் ஒரு குழு. ஒரு சங்கீதத்தின் ஒரு வசனத்தை இந்தப் பக்கம் பாடும், அடுத்த வசனத்தை அந்தப் பக்கம் எடுக்கும்.

இந்த அமைப்பில் மேல்குரல் முழுவதும் சிறுவர்களுடையது. எட்டு வயதில் ஒரு பையன் வருவான், பதின்மூன்று பதினான்கில் குரல் உடைந்துவிடும். இடையில் இருப்பது ஐந்தாறு ஆண்டுகள். இதற்குள் அவன் படிக்க வேண்டியதில் பாதியைத் தாளிலிருந்து படிப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் பெரிய பையனின் காதோரக் குரலிலிருந்தே பிடித்துக்கொள்கிறான். எங்கே மூச்சு விடுவது, சங்கீதத்தின் வசனம் நடுவில் நிற்கும் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, ஒரு சொல்லை எங்கே அழுத்துவது என்று எந்தத் தாளிலும் இருக்காது. இது அறுபடாமல் ஓட வேண்டிய சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் ஆயுள் ஐந்தாறு ஆண்டுதான். இந்தக் கணக்கு மனதில் இருந்தால்தான் பின்னால் வரும் 14 ஆண்டின் கனம் புரியும்.

1613இல் வூஸ்டருக்குப் புதிய ஆர்கன் வந்தது. செய்தவர் தாமஸ் டாலம். 1599இல் எலிசபெத் ராணியின் காலத்தில், தானே இசைக்கும் ஓர் ஆர்கனைக் கப்பலில் ஏற்றி கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுபோய்த் துருக்கி சுல்தான் மூன்றாம் மெஹ்மதின் அரண்மனையில் பொருத்திக் காட்டியவர் இவர்தான். வூஸ்டரில் அவர் செய்தது இரட்டை ஆர்கன். வாசிப்பவருக்கு முன்னால் பெரியது, முதுகுக்குப் பின்னால் சிறியது. பெரியதின் மிக நீளமான குழாய் 10 அடி. ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகக் குழாய்கள் பல, மரக் குழாய்கள் சில. காலால் மிதிக்கும் கட்டைகள் கிடையாது. இங்கிலாந்து ஆர்கன்களுக்கு அவை வர இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். பின்னால் ஓர் ஆள் துருத்தி அமுக்கிக்கொண்டிருப்பார். அவர் கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும்.

இந்த ஆர்கன் வெறும் துணைக் கருவி அல்ல. டாம்கின்ஸின் தலைமுறையில் வெர்ஸ் ஆந்தம் என்ற புது வடிவம் செழித்திருந்தது. ஒரே ஒரு குரல் தனியாகப் பாடும், அதனடியில் ஆர்கன் தன் வழியில் நெய்துகொண்டே போகும். பிறகு முழுக் குழுவும் எழுந்து அந்தச் சொல்லைத் தாங்கிப் பிடிக்கும். மறுபடி தனிக்குரல். ஆர்கனை எடுத்துவிட்டால் வெர்ஸ் ஆந்தத்தில் பாதி காணாமல் போய்விடும், ஒற்றைக் குரல் அந்தரத்தில் நிற்கும். பேராலயங்களில் ஆர்கன் உடைந்தபோது அதோடு ஒரு பாட்டு வகையே நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

டாம்கின்ஸின் புகழ் வூஸ்டரோடு நிற்கவில்லை. 1621இல் அரச தேவாலயத்திலும் அவர் ஆர்கன் கலைஞர் ஆனார். உடன் பணியாற்றியவர் ஆர்லாண்டோ கிப்பன்ஸ். 1622இல் டாம்கின்ஸ் ஒரு பாடல் தொகுப்பை அச்சிட்டார். அதில் ஒரு பாட்டைத் தன் ஆசான் பர்டுக்குக் காணிக்கையாக்கினார். அப்சலோமை இழந்து தாவீது அழும் ஐந்து குரல் பாட்டும் அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. மகனை அழைக்கும் அந்த இடத்தில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து வருவதைக் கேட்டுவிட்டு, உடனே எழுந்து வேறு வேலை பார்க்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. 1625இல் கிப்பன்ஸ் திடீரென இறந்தார். மறு ஆண்டு முதலாம் சார்ல்ஸின் முடிசூட்டு விழாவுக்கான பாட்டுகளில் பெரும்பகுதி டாம்கின்ஸின் தலையில் விழுந்தது.

இனி எதிர்ப்பக்கத்தின் வாதத்தையும் கேட்க வேண்டும். நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற பியூரிட்டன்களை இசை தெரியாத முரடர்கள் என்று எழுதி முடிப்பது எளிது, ஆனால் அது உண்மை அல்ல. அவர்களின் தலைவர் ஒலிவர் கிராம்வெல்லுக்கு இசை பிடிக்கும். ஆக்ஸ்போர்டின் மாடலன் கல்லூரியில் இருந்த ஆர்கனை 1654இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு வரவழைத்துத் தன் வீட்டில் வாசிக்கக் கேட்டவர் அவர். அந்த ஆர்கனின் குழாய்கள் பல இன்றும், வூஸ்டருக்குத் தெற்கே அதே செவர்ன் கரையில் உள்ள டூக்ஸ்பரி மடாலயத்தில் ஒலிக்கின்றன. கிராம்வெல்லின் செயலராக இருந்த கவிஞர் மில்டன் அதை வாசித்தார் என்பது கர்ண பரம்பரை, அதனால் அதற்கு மில்டன் ஆர்கன் என்றே பெயர். ஆக, பகை இசையோடு அல்ல. ஆராதனை எல்லா மக்களுக்கும் உரியது, சம்பளம் வாங்கும் இருபது முப்பது பேர் திரைக்குப் பின்னால் பாட மற்றவர்கள் வாயடைத்து நிற்பது ஆராதனை ஆகாது என்பது அவர்கள் கட்சி. நான்கைந்து குரல்கள் பின்னிப் பின்னிப் பாடும்போது வேத வசனம் காதில் விழவில்லையே என்பது அடுத்த குறை. இந்த இரண்டு கேள்வியும் நேர்மையானவை. ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரே மெட்டில் பாடும் சங்கீதத்தின் பலம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் கேள்வி கோடரி ஆனது. 1644 மே மாதம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. எல்லாத் தேவாலயங்களிலும் ஆர்கன்களையும் அவை நிற்கும் கூடுகளையும் அகற்றி முற்றிலும் சிதைக்க வேண்டும் என்றது அது. 1645 ஜனவரியில் ஜெபப் புத்தகமே தடைசெய்யப்பட்டது. அதே மாதம் கேன்டர்பரியின் பிரதமப் பேராயர் வில்லியம் லாடின் தலை வெட்டப்பட்டது. பேராலய ஆராதனையின் அழகை வற்புறுத்தியவர் அவர். நாரிச் பேராலயத்தில் என்ன நடந்தது என்பதை அங்கிருந்த பேராயர் ஜோசப் ஹால் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளங்கிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சந்தை மைதானத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் எரித்தார்கள். பிடுங்கிய ஆர்கன் குழாய்களை ஊதிக்கொண்டே போனார்கள்.

வூஸ்டர் மன்னர் பக்கம் இருந்ததால் அங்கே இந்தச் சட்டம் இரண்டு ஆண்டு தாமதமாகத்தான் எட்டியது. ஆனால் அடி முன்பே விழத் தொடங்கிவிட்டது. 1642 செப்டம்பரில் எசெக்ஸ் பிரபுவின் படை ஊருக்குள் புகுந்து பேராலயத்தைச் சூறையாடியது. பையன் சொன்ன கழுத்து முறிந்த கதை அப்போதையது. அதே ஆண்டு டாம்கின்ஸின் மனைவி ஆலிஸ் இறந்தார். மறு ஆண்டு நகரத்தைத் தாக்கிய பீரங்கிக் குண்டு ஒன்று பேராலய வளாகத்தில் இருந்த அவர் வீட்டின்மேல் விழுந்து, தட்டுமுட்டுச் சாமான்களில் பெரும்பகுதியை நாசமாக்கியது. எழுபதைத் தாண்டிய மனிதர். அதற்குப் பிறகும் ஆராதனை நடந்தது, அவர் பணியிலும் இருந்தார்.

1646 ஜூலை 23க்குப் பிறகுதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி தொடங்குகிறது. பாடகர் குழு கலைந்துவிட்டது. சிறுவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆர்கன் இருந்த இடம் வெறும் மேடை. டாம்கின்ஸ் பேராலய வளாகத்தை விட்டுப் போகவில்லை. அந்த வீட்டிலேயே இருந்தார், எழுதத் தொடங்கினார். தேவாலயப் பாட்டு எழுதிப் பயனில்லை, பாட ஆள் இல்லை. ஆகவே விர்ஜினல் என்ற சிறிய கட்டைக் கருவிக்கு எழுதினார். கம்பியை இறகுத் துண்டு மீட்டும், ஓர் அறைக்குள் கேட்கும் அளவுக்குத்தான் ஓசை. ஐம்பது ஆண்டு கல் மண்டபத்தை நிரப்பிய கைகள் இப்போது மேசை அளவுக் கருவியின் முன்.

அவர் கைப்பட எழுதிய அந்த ஏடு இன்று பாரிஸில், பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் பர்டின் இசையும் ஜான் புல்லின் இசையும் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் தன்னுடையவற்றை எழுதிக்கொண்டே போகிறார். முன்னோர்கள் எழுதியவற்றில் எவை சிறந்தவை என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறார். யாருக்காக? அச்சுக்கு வழியில்லை, பணிக்கு ஆளில்லை. ஆனாலும் மாணவனுக்கு எழுதுவதுபோல எழுதுகிறார். பல துண்டுகளின் கீழே நாளும் மாதமும் ஆண்டும் போட்டிருக்கிறார். 1646 முதல் 1654 வரை அந்தத் தேதிகள் ஓடுகின்றன. 1647இல், மன்னரின் ஆலோசகராக இருந்து தலை வெட்டப்பட்ட ஸ்ட்ராஃபர்ட் பிரபுவின் பெயரில் ஒரு பவன், பேராயர் லாடின் பெயரில் ஒரு பவன். பவன் என்பது மெதுவாக அடியெடுத்து வைக்கும் அரசவை நடனம். அந்தக் காலத்தில் யாரும் அதற்கு ஆடுவதில்லை, பழைய பாணி ஆகிவிட்டது. டாம்கின்ஸ் அதை இரங்கற்பாவுக்கு எடுத்துக்கொண்டார்.

1649 ஜனவரி 30 அன்று லண்டனில் மன்னரின் தலை வெட்டப்பட்டது. ஏட்டில் பிப்ரவரி 14 என்று தேதியிட்ட ஒரு பவன் இருக்கிறது. நிலைகுலைந்த இந்தக் காலத்துக்கு ஒரு சோகப் பவன் என்ற பொருளில் தலைப்பு வைத்திருக்கிறார். மன்னரின் பெயரை எங்கும் சொல்லவில்லை. செய்தி வூஸ்டருக்கு வந்து, ஒரு கிழவர் உட்கார்ந்து, எழுதி முடித்து, தேதி போட்ட இரண்டு வாரம் அது. அந்த இசையில் கதறல் இல்லை. ஒரு சுரம் கீழே இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் தயங்குகிறது, அடுத்த குரல் வந்து அதை அழைத்துப் போகிறது, அவ்வளவுதான். பேராலயத்தில் ஐந்து குரல்களை நடத்திய அதே கைதான் இங்கே பத்து விரலில் அவற்றை நடத்துகிறது. பாடகர் குழு கலைந்த பிறகும் அவர் விரல்களுக்குள் அது கலையவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு ஏப்ரலில் டீன்களையும் கேனன்களையும் சட்டப்படி ஒழித்தார்கள். பேராலயச் சொத்துகள் விற்பனைக்குப் போயின. 1651 செப்டம்பர் 3 அன்று வூஸ்டரிலேயே உள்நாட்டுப் போரின் கடைசிச் சண்டை நடந்தது. கொல்லப்பட்ட மன்னரின் மகன் பேராலயக் கோபுரத்தில் ஏறிப் போர்க்களத்தைப் பார்த்தார், தோற்று ஓடினார். கிராம்வெல் பிடித்த கைதிகளைப் பேராலயத்துக்குள் அடைத்தார்கள். சங்கீதம் ஒலித்த இடத்தில் அடிபட்ட ஆயிரக்கணக்கான ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள். டாம்கின்ஸுக்கு அப்போது 79.

1654இல் மகன் நத்தானியல் வசதியான ஒரு விதவையை மணந்து, சில மைல் தள்ளி மார்ட்டின் ஹஸிங்ட்ரீ என்ற கிராமத்தில் குடியேறினார். தந்தையையும் அழைத்துக்கொண்டார். மருமகளின் பெயரில் டாம்கின்ஸ் ஒரு துள்ளல் நடனம் எழுதினார். எட்டு ஆண்டு சோகத்துக்குப் பிறகு ஒரு கல்யாணச் சிரிப்பு. 1656 ஜூன் 9 அன்று அந்தக் கிராமத் தேவாலயத்தின் மண்ணில் அவரை அடக்கம் செய்தார்கள். ஆர்கன் திரும்ப ஒலிப்பதை அவர் கேட்கவில்லை.

ஆர்கன் செய்தவர்கள் எங்கே போனார்கள்? தாமஸ் டாலமின் மகன் ராபர்ட், அவரும் இதே தொழில், கத்தோலிக்கர். போர் வெடித்த 1642இலேயே குடும்பத்தோடு கடல் தாண்டி பிரான்ஸின் பிரிட்டானிக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் ஆர்கன்கள் உடைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் பிரிட்டானியின் தேவாலயங்களில் அவர் புதியன செய்துகொண்டிருந்தார். லான்வெலெக் என்ற சிற்றூரில் 1653இல் அவர் செய்த ஆர்கனை இன்றும் போய்க் கேட்கலாம். அவருடைய மருமகன் தாமஸ் ஹாரிஸும் அங்கேதான் தொழில் செய்தார். 1660இல் மன்னராட்சி திரும்பியது, அதோடு பேராலய ஆராதனையும். அந்தக் குடும்பமும் பிரெஞ்சுத் தொழில் நுணுக்கங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பியது. 1666இல் வூஸ்டர் பேராலயம் புதிய இரட்டை ஆர்கனுக்கு ஒப்பந்தம் போட்டது அதே தாமஸ் ஹாரிஸோடுதான். தாத்தா செய்த ஆர்கன் இருந்த இடத்தில் பேத்தியின் கணவர் கைவேலை.

ஆர்கனை மறுபடி செய்துவிடலாம், மரமும் ஈயமும் பணமும் இருந்தால் போதும். சிறுவனின் குரலை அப்படிச் செய்ய முடியுமா? 14 ஆண்டு என்றால் இராமன் வனவாசம் போன காலம். சிறுவர் சங்கிலியில் அது மூன்று கண்ணி. 1646இல் எட்டு வயதில் பாடிக்கொண்டிருந்த பையன் 1660இல் இருபத்திரண்டு வயது ஆண். அவன் குரல் உடைந்து எட்டு ஆண்டு ஆகியிருக்கும். இடையில் பிறந்து வளர்ந்த பையன்களில் ஒருவன்கூடப் பேராலய ஆராதனையைக் காதால் கேட்டதில்லை. அரச தேவாலயத்தைத் திறந்த பிறகு ஓராண்டுக்கு மேல் மேல்குரலைக் கார்னெட் என்ற மர ஊதுகருவியை வைத்தும், ஆண்கள் கள்ளக்குரலில் பாடியும் ஒப்பேற்றினார்கள் என்று இசையமைப்பாளர் மாத்யூ லாக் பின்னாளில் எழுதினார். தன் பாகத்தைத் தடுமாறாமல் பாட ஒரு பையன்கூட இல்லை என்பது அவர் சாட்சியம்.

பெரியவர்களும் மறந்திருந்தார்கள். ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச்சில் ஆர்கன் வாசித்த எட்வர்ட் லோ 1661இல் ஒரு சின்ன நூல் வெளியிட்டார். பேராலய ஆராதனையை எப்படி நடத்துவது என்பதற்கான வழிகாட்டி. குருவானவர் எந்தச் சுரத்தில் தொடங்க வேண்டும், குழு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று ஆரம்பப் பாடத்திலிருந்து சொல்லித் தருகிறது. இருபது ஆண்டுக்கு முன் எந்தப் பையனுக்கும் தெரிந்திருந்த விஷயம். அது புத்தகமாக வேண்டியிருந்தது என்பதே இழப்பின் அளவைக் காட்டும். போருக்குச் சற்று முன், 1641இல், புனித பவுல் பேராலயத்தின் ஜான் பார்னார்ட் பேராலயப் பாட்டுகளைத் திரட்டி அச்சிட்டிருந்தார். குரலுக்கு ஒன்றாகப் பல புத்தகங்கள். அந்த அச்சில் முழுத் தொகுதி ஒன்றுகூட இன்று உலகில் மிஞ்சவில்லை.

தேவாரம் கிடைத்த கதை நினைவுக்கு வருகிறது. தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்கிறது புராணம். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதற்காகத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

வூஸ்டரின் பாட்டுக்கு அப்படி மரபில் மிஞ்சியவர் நத்தானியல். 1629இலேயே அதே பேராலயத்தில் கேனன் ஆனவர், 1660இல் தன் இடத்துக்குத் திரும்பினார். வயது அறுபத்தொன்று. அப்பாவின் ஆர்கன் எப்படி இருந்தது என்று அவருக்கு நினைவிருந்தது. புதிய ஆர்கன் பற்றிய விவாதத்தில், 1665இல், டாலம் செய்த பழைய ஆர்கனின் ஒவ்வொரு குழாய் வரிசையையும் அவர் பட்டியலிட்டு எழுதிய கடிதம் இருக்கிறது. நான் மேலே சொன்ன 10 அடிக் குழாயின் கணக்கு அந்தக் கடிதத்திலிருந்து வந்ததே. இறக்கிவைத்து இருபது ஆண்டு ஆகப்போகும் ஒரு கருவியை ஒரு கிழவர் மனதிலிருந்து திரும்பப் பூட்டுகிறார்.

அதைவிடப் பெரிய வேலையை 1668இல் செய்தார். அப்பாவின் தேவாலயப் பாட்டுகளில் பெரும்பகுதியை லண்டனில் அச்சிட்டார். மூசிகா தேயோ சாக்ரா என்று லத்தீனில் பெயர், கடவுளுக்குப் படைத்த இசை என்று பொருள். நான்கு குரலுக்கு நான்கு புத்தகங்கள், ஆர்கனுக்கு ஒன்று, ஆக ஐந்து. ஐந்து முழு ஆராதனைகளுக்கான இசையும், 90க்கு மேற்பட்ட ஆந்தங்களும் அதில் உண்டு. ஒரு இசையமைப்பாளர் இறந்து 12 ஆண்டு கழித்து, அவர் பாணியே பழசாகிப் போன காலத்தில் இது. அப்போது அரசவையில் இளைஞர்களின் பிரெஞ்சுப் பாணி வயலின் இசைதான் நடப்பு. விற்பனைக்காகச் செய்த காரியமாக இதை என்னால் நினைக்க முடியவில்லை.

ஆர்கன் புத்தகத்தின் பிரதி ஒன்றில் இரண்டு சிறு குறிப்புகள் லத்தீனில் இருக்கின்றன. ஒன்று சுருதி பற்றியது. இரண்டரை அடி நீளத் திறந்த குழாய் எழுப்பும் ஒலியே நம் எஃப் சுரம் என்கிறது. அந்த நீளக் குழாயை இன்று ஊதிப் பார்த்தால் ஏறக்குறைய ஜி ஷார்ப் கேட்கும். நம் கணக்கில் சொன்னால், தாளில் 4 கட்டை என்று எழுதியிருப்பது வாயில் 5½ கட்டையாக வருகிறது. மற்றது காலப்பிரமாணம். ஒரு முழுச் சுரத்தின் நீளம் மனித நாடி இரண்டு முறை துடிக்கும் நேரம், அல்லது இரண்டடி நீள நூலில் தொங்கும் குண்டு ஆடும் நேரம். இரண்டடி நூலில் குண்டு ஒருமுறை போக முக்கால் வினாடிக்குச் சற்றுக் கூடுதல். போய்த் திரும்பினால் இரண்டு துடிப்பு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 77 துடிப்பு, ஆரோக்கியமான ஒருவரின் நாடிதான்.

சுருதியும் காலமும். குருவின் அருகில் உட்கார்ந்து படித்தவனுக்கு இவ்விரண்டையும் யாரும் எழுதித் தர வேண்டியதில்லை, ஆர்கன் ஒலித்தால் சுருதி தெரியும், முன்னால் நிற்பவர் கையசைத்தால் காலம் தெரியும். எழுத வேண்டி வந்தது சங்கிலி அறுந்ததால். அடியளவையும் நாடியையும் தேர்ந்தெடுத்ததில் ஒரு தீர்க்கம் இருக்கிறது. எந்த ஊரில், எந்த நூற்றாண்டில் புத்தகத்தைத் திறப்பவனுக்கும் ஒரு அடிக்கோலும் ஒரு மணிக்கட்டும் கிடைக்கும் என்ற நம்பிக்கை.

19ஆம் நூற்றாண்டில் அந்தப் பிரதி, வூஸ்டருக்கு அருகே டென்பரியில் 1856இல் பாடகர் கல்லூரி நிறுவிய ஃபிரெடரிக் ஊஸ்லியிடம் இருந்தது. அவர் அந்தச் சுருதிக் குறிப்பைப் படித்துச் சொன்ன முடிவு இன்றுவரை சண்டையைக் கிளப்புகிறது. பழைய பாட்டுகளை எழுதியதைவிட ஒன்றரைக் கட்டை ஏற்றிப் பாட வேண்டும் என்று ஒரு கட்சி, சிறுவர்கள் மேலே பறக்கிறார்கள், ஒலி பளிங்குபோல இருக்கிறது. அவ்வளவு ஏற்றினால் ஆண் குரல்களின் தன்மையே மாறிவிடும், குழாயின் அகலத்தையும் பார்க்க வேண்டும், அரைக் கட்டை ஒரு கட்டையோடு நிறுத்து என்று மறு கட்சி. நான் இரண்டாம் கட்சிக்காரன். மேலே பறக்கும் பதிவுகளில் டாம்கின்ஸின் சொற்கள் எனக்குக் கேட்பதில்லை. பியூரிட்டன்களின் பழைய குறை அங்கேதான் நியாயமாகிறது.

நத்தானியல் 1681இல் இறந்தார். அதற்குள் லண்டனில் வேறொரு கதை தொடங்கிவிட்டது. அரச தேவாலயத்தின் சிறுவர்களுக்கு ஆசிரியராக வந்த ஹென்றி குக், மன்னர் படையில் கேப்டனாக இருந்தவர், நாடெங்கும் நல்ல குரல் தேடி ஆள் பிடித்தார். சிக்கிய பையன்களில் பெல்ஹம் ஹம்ஃப்ரி ஒருவன், ஜான் ப்ளோ ஒருவன். மௌனத்தின் கடைசி ஆண்டான 1659இல், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்குப் பக்கத்தில், ஆர்கன் ஒலி கேட்காத ஒரு தெருவில் பிறந்த இன்னொருவனும் சில ஆண்டில் அந்த வரிசைக்கு வந்து சேர்ந்தான். அவன் பெயர் ஹென்றி பர்செல். கேப்டன் குக்கின் பையன்களை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)